‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தால்: அமெரிக்க இராணுவக் கல்லூரிகளின் மருத்துவ விதிகளும் விலக்கும்

அமெரிக்காவில் வாழும் எங்கள் குடும்பங்கள் சிலவற்றில், பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருநாள் வந்து “நான் வெஸ்ட் பொயின்றுக்கு விண்ணப்பிக்கப் போறன்” என்று சொல்கிறது. பெற்றோருக்கு முதலில் வருவது திகைப்பு. சீருடையைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போன தலைமுறை நாம். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைச் சாவடிகளில் வரிசையாக இறங்கி நடந்தவர்கள். பிள்ளை வேறொரு நாட்டின் சீருடையை அணியலாமா என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குள் பேசித் தீர்க்க வேண்டும். அந்த விவாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை.

பிள்ளை விண்ணப்பிப்பது என்று முடிவான பிறகு வருகிற மருத்துவப் பரிசோதனை பற்றியே இங்கு பேசுகிறோம். அந்த இடத்தில் எங்கள் வீடுகளில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். “சின்னனிலை பம்ப் அடிச்சதைச் சொல்லிப் போடாதை.” “கவுன்சிலிங் போனதை எழுதாதை பிள்ளை, பிறகு எடுக்க மாட்டாங்கள்.” அன்போடு சொல்லப்படும் இந்த ஆலோசனைதான் பிள்ளைக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்யக்கூடியது. எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எந்தக் கல்லூரிகள், என்ன நிபந்தனை

அமெரிக்காவில் மத்திய அரசின் கீழ் ஐந்து கல்லூரிகள் உள்ளன. நியூயோர்க் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் பொயின்ற் தரைப்படைக் கல்லூரி 1802இல் தொடங்கப்பட்டது. மேரிலாந்தின் அனாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்லூரி 1845இலும், கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படைக் கல்லூரி 1954இலும் ஆரம்பமாயின. இவற்றோடு கனெக்ரிகட்டில் கரையோரக் காவற்படைக் கல்லூரியும், நியூயோர்க்கின் கிங்ஸ் பொயின்றில் வணிகக் கடல்சார் கல்லூரியும் இருக்கின்றன.

முதல் மூன்றிலும் நான்கு வருடப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் உணவும் இலவசம். மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் உண்டு. பதிலுக்கு, பட்டம் பெற்றபின் குறைந்தது 5 வருடங்கள் முழுநேர அதிகாரியாகப் பணிபுரிய வேண்டும். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். கரையோரக் காவற்படைக் கல்லூரி தவிர்ந்த ஏனையவற்றுக்கு, பொதுவாக மாநில செனற்றர் அல்லது தொகுதிப் பிரதிநிதியின் நியமனப் பரிந்துரையும் தேவை.

குடியுரிமை பற்றி எங்களைப் போன்ற அகதிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. சிறுவயதில் இங்கு வந்த பிள்ளை நிரந்தர வதிவிட உரிமையோடு பெற்றோருடன் வாழும்போது, பிள்ளைக்கு 18 வயதாகும் முன் தாயோ தகப்பனோ குடியுரிமை எடுத்தால், பிள்ளையும் சட்டப்படி குடிமகனாகிவிடுகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் கடவுச்சீட்டையோ சான்றிதழையோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அதைக் கடைசி மாதத்தில் தேடக்கூடாது.

விதி எழுதுபவர், சோதிப்பவர், தீர்மானிப்பவர்

மருத்துவ விடயத்தில் மூன்று தரப்புகள் உள்ளன. இவற்றைப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பயம் வருகிறது.

விதியை எழுதுவது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். 6130.03 என்ற இலக்கமுடைய அறிவுறுத்தலின் முதலாம் தொகுதியில், படையில் சேர்வோருக்கான மருத்துவத் தரங்கள் உறுப்பு உறுப்பாக எழுதப்பட்டுள்ளன. இப்போதுள்ள தொகுதி 2018இல் வெளியாகி, பின்னர் இடையிடையே திருத்தப்பட்டு வருகிறது. யாரும் இணையத்தில் இறக்கி வாசிக்கலாம்.

அந்த விதியோடு பிள்ளையின் உடலையும் கோப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்புத் திணைக்கள மருத்துவப் பரிசோதனை மீளாய்வுச் சபை. ஆங்கிலச் சுருக்கப் பெயரால் இதை ‘டொட்மேர்ப்’ என்று அழைப்பார்கள். இதன் அலுவலகம் கொலராடோ விமானப்படைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. கல்லூரிகளுக்கும், சாதாரண பல்கலைக்கழகங்களில் படித்தபடியே அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. புலமைப்பரிசிலுக்கும் இதுவே மருத்துவ மதிப்பீடு செய்கிறது. விலக்குக் கொடுக்கும் அதிகாரம் இந்தச் சபைக்கு இல்லை.

விலக்கைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது, பிள்ளை விண்ணப்பித்த கல்லூரி அல்லது திட்டம். ஒவ்வொன்றும் தனித்தனியே தீர்மானிக்கும். ஒரே பிள்ளைக்கு, ஒரே வருத்தத்துக்கு, தரைப்படைக் கல்லூரி விலக்குக் கொடுக்கலாம். கடற்படைக் கல்லூரி மறுக்கலாம்.

கணக்கு வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. கணக்காய்வாளர் புத்தகத்தைப் பார்த்து, விதிக்குப் பொருந்தாத இடத்தைச் சுட்டி எழுதுவார். கம்பனியை மூடுவதா நடத்துவதா என்று அவர் தீர்மானிப்பதில்லை. அது பணிப்பாளர் சபையின் வேலை. டொட்மேர்ப் அனுப்பும் ‘தகுதியில்லை’ என்ற கடிதம் கணக்காய்வாளரின் குறிப்பைப் போன்றது. எங்கள் வீடுகளில் அந்தக் கடிதத்தை இறுதித் தீர்ப்பாக வாசித்து, பிள்ளை அன்றோடு கோப்பை மூடிவிடும் ஆபத்து இருக்கிறது. உண்மையில் அந்த இடத்தில்தான் அடுத்த கட்டம் தொடங்குகிறது.

பரிசோதனை எப்படி நடக்கிறது

கல்லூரி பிள்ளையின் விண்ணப்பத்தைப் பார்த்து, போட்டியிடக்கூடியவர் என்று கண்டால், டொட்மேர்ப்புக்குப் பெயரை அனுப்பும். பிறகு வீட்டுக்கு அண்மையில் உள்ள, ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் வைத்தியரிடமும் கண் வைத்தியரிடமும் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்படும். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கண், காது, இரத்த அழுத்தம், உயரம், நிறை, மூட்டுகளின் அசைவு எல்லாம் பார்க்கப்படும். அதோடு பிள்ளை தன் மருத்துவ வரலாற்றைக் கேள்விவாரியாக நிரப்பி உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் படிவம்தான் முழு விடயத்தின் அத்திவாரம்.

அதன் பின் மூன்றில் ஒரு பதில் வரும்: தகுதி உண்டு, தகுதியில்லை, மேலதிக விபரம் தேவை. மூன்றாவது பதில் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பழைய மருத்துவப் பதிவுகளையோ, ஒரு விசேட வைத்தியரின் அறிக்கையையோ கேட்கிறார்கள் என்பதே அதன் பொருள். பரிசோதனை 2 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். ஆகவே முதல் வருடம் இடம் கிடைக்காமல் மறுவருடம் விண்ணப்பிக்கும் பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடையில் வந்த மாற்றங்களை அறிவித்தால் போதும்.

விதி எதற்காக

அறிவுறுத்தலின் நோக்கத்தைச் சுருக்கினால் ஐந்து விடயங்கள் வரும். மற்றவர்களுக்குத் தொற்றும் நோய் இருக்கக்கூடாது. அடிக்கடி விடுப்பு எடுக்கவோ வைத்தியசாலையில் தங்கவோ வைக்கும் வருத்தம் இருக்கக்கூடாது. பயிற்சியை முடிக்க உடல் இடம்கொடுக்க வேண்டும். உலகின் எந்தப் பகுதிக்கு அனுப்பினாலும் அங்கு சமாளிக்க முடிய வேண்டும். வேலை செய்வதால் ஏற்கெனவே உள்ள வருத்தம் மோசமடையக்கூடாது.

இந்த நான்காவதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் விளங்கும். வீட்டில் இருக்கும்போது கச்சான் ஒவ்வாமை சமாளிக்கக்கூடிய ஒன்று. ஐந்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வரும். கடலின் நடுவே கப்பலிலோ, பொதி உணவைப் பிரித்துச் சாப்பிடும் பாலைவன முகாமிலோ அதே ஒவ்வாமை ஓர் உயிரை எடுக்கும். பிள்ளை கெட்டிக்காரனா, ஓடுவானா என்று விதி கேட்பதில்லை. அதற்கு வேறு உடற்தகுதித் தேர்வு உண்டு. வைத்தியர் இல்லாத இடத்தில் இந்த உடல் என்ன செய்யும் என்பதுதான் இங்குள்ள கேள்வி.

எங்கள் வீடுகளில் அடிக்கடி வரும் வருத்தங்கள்

தொய்வு. விதியில் உள்ள எல்லை 13ஆவது பிறந்தநாள். அதற்குப் பின் ஆஸ்துமாவோ, ஓடும்போது மூச்சு இறுகும் நிலையோ இருந்திருந்தால் தகுதியில்லை என்று வரும். அதற்கு முன் வந்து நின்றுபோனால் அது மட்டும் தடையாகாது. ஆறு வயதில் பம்ப் அடித்ததை மறைக்கச் சொல்லும் பெற்றோர், தடையே இல்லாத ஒன்றை மறைக்கச் சொல்கிறார்கள். மறைத்ததும் அது பொய்யாகிவிடுகிறது. இல்லாத சிக்கல் அப்போதுதான் உருவாகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சளி கட்டி இளைத்த பிள்ளைக்கு ஒருமுறை பம்ப் எழுதிக் கொடுக்கும் வைத்தியர், காப்புறுதியிடம் பணம் பெற ஒரு நோய்க் குறியீட்டை எழுத வேண்டும். ‘ஜே45’ என்பது ஆஸ்துமாவின் குறியீடு. பதினைந்து வயதில் ஒரு குளிர்காலத்தில் எழுதப்பட்ட அந்தக் குறியீடு, பெற்றோருக்குத் தெரியாமலே கோப்பில் கிடக்கும். அப்படியானால் சுவாசப்பை வைத்தியரிடம் போய், மூச்சின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும், தேவையென்றால் மெத்தகோலின் மருந்தை உள்ளிழுக்க வைத்துச் செய்யும் பரிசோதனையும் எடுக்கலாம். சுவாசக்குழாய் இறுகவில்லை என்று அது காட்டினால், பத்துப் பரிந்துரைக் கடிதங்களை விட அதற்குப் பெறுமதி அதிகம்.

கண். கண்ணாடி போடுவது தடையல்ல. பொது விதியில் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ 8.00 டயொப்ரரைத் தாண்டினாலும், அஸ்ரிக்மற்றிசம் 3.00ஐத் தாண்டினாலும் தகுதியில்லை என்று வரும். தனித்தனிக் கல்லூரிகள் இதைவிட இறுக்கமாகவும் கேட்கும். லேசர் சத்திரசிகிச்சை செய்து இந்த எண்ணை அழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். சிகிச்சைக்கு முன் இருந்த எண்ணையும் கேட்பார்கள். சிகிச்சை முடிந்து 180 நாட்கள் கடந்திருக்கவும் வேண்டும். நிறப் பார்வையை ஒவ்வொரு படையும் தன் தேவைக்கேற்பப் பார்க்கிறது. கடற்படை இதில் கண்டிப்பானது. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். அவற்றைப் பிரித்தறிய முடியாதவரால், அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது.

ஒவ்வாமை. உணவால் உடல் முழுவதும் பாதிக்கும் ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால் தகுதியில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து ‘கச்சான் கூடாது’ என்று எழுதப்பட்டிருக்கும். பிள்ளை கச்சானைத் தொட்டதே இருக்காது. ஒவ்வாமை வைத்தியர் தன் கண்காணிப்பில் சிறிது சிறிதாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

கவனக்குறைவு. ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்டிருப்பது மட்டும் தடையல்ல. 14ஆவது பிறந்தநாளுக்குப் பின் பாடசாலையில் விசேட ஏற்பாடு பரிந்துரைக்கப்பட்டதா, கடந்த 24 மாதங்களில் மருந்து எழுதப்பட்டதா என்பவை பார்க்கப்படும். இதை வாசித்துவிட்டு மருந்தைத் திடீரென நிறுத்தும் பெற்றோர் இருக்கக்கூடும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் தீர்மானம். படிப்பு சரிந்தால் கல்லூரிக் கனவும் அதோடு போகும்.

காசநோய்ப் பரிசோதனை. ஊரில் பிறந்த பிள்ளைகளின் மேற்கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கும். அந்த ஊசியால், தோலில் குத்திப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை நோய்த்தொற்று இல்லாமலேயே தடித்துக் காட்டலாம். இரத்தத்தில் செய்யும் பரிசோதனை பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாது. அதைக் கேட்டு எடுக்கலாம். மறைந்திருக்கும் தொற்று உண்மையிலேயே இருந்து, அதற்குச் சிகிச்சை முடித்திருந்தால், முடித்ததற்கான பத்திரம் தேவை.

தழும்புகள். போர்க்காலத்தில் பிறந்து வந்த பிள்ளைகளின் உடலில் காயத்தின் அடையாளம் இருக்கலாம். தழும்பு இருப்பது குற்றமல்ல. அது அசைவைத் தடுக்கிறதா, உபகரணத்தை அணிய இடைஞ்சல் செய்கிறதா என்பதையே விதி பார்க்கிறது. எப்போது, எப்படி வந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பேசாமல் விட்ட கதையை, வைத்தியரின் முன்னால் பிள்ளை முதன்முறையாக யோசிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

மனநலம்: எல்லாவற்றிலும் முக்கியமானது

இதைத் தனியாக எழுத வேண்டியுள்ளது. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை பெற்ற வரலாற்றை விதி கவனமாகப் பார்க்கிறது. ஆலோசனை உட்பட வெளிநோயாளர் சிகிச்சை மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் போயிருந்தால், அல்லது கடந்த 36 மாதங்களுக்குள் அறிகுறியோ சிகிச்சையோ இருந்திருந்தால், தகுதியில்லை என்று வரும். தற்கொலை எண்ணம் இருந்த வரலாறும் அப்படியே.

இதைப் படித்ததும் சில பெற்றோர் வரக்கூடிய முடிவு எங்களுக்குத் தெரியும்: “அப்ப பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பாமல் விடுவம்.” இதைவிட ஆபத்தான கணக்கு வேறில்லை. எங்கள் சமூகத்தில் எத்தனையோ பேர் இழப்பையும் இடப்பெயர்வையும் வாய்திறக்காமலே சுமந்து வாழ்கிறார்கள். அதன் நிழல் பிள்ளைகள் மீதும் விழுகிறது. நித்திரை கொள்ளாத, சாப்பிடாத, அறையை விட்டு வராத பிள்ளைக்கு உதவி தேவை. கல்லூரி ஒன்றின் விதிக்காக அந்த உதவியைத் தள்ளிப்போட்டால், இழக்கப் போவது ஓர் அனுமதிக் கடிதத்தை மட்டுமல்ல.

ஆலோசனைக்குப் போவது எல்லாம் நோய் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியின் மரணத்துக்குப் பின் சில தடவை பாடசாலை ஆலோசகரிடம் பேசியதையும், வருடக்கணக்கில் மருந்து எடுத்ததையும் விதி ஒரே தராசில் வைப்பதில்லை. கால அளவும், எப்படிக் குணமானது என்பதும் பார்க்கப்படும். சிகிச்சை எடுத்துக் குணமாகி, மருந்தில்லாமல் சில வருடங்கள் நன்றாகப் படித்து வாழ்ந்த பிள்ளைக்கு விலக்குக் கேட்கச் சொல்லக்கூடிய கதை ஒன்று இருக்கிறது. சிகிச்சையே எடுக்காமல் மறைத்து வைத்த பிள்ளைக்கு அது இல்லை.

மறுப்பும் விலக்கும் வேறு வேறு

‘தகுதியில்லை’ என்று வந்தபின் இரண்டு வழிகள் உள்ளன. வருத்தம் இருந்ததாக எழுதப்பட்டதே பிழை என்றால், புதிய பரிசோதனை முடிவையும் வைத்தியரின் அறிக்கையையும் டொட்மேர்ப்புக்கு அனுப்பி மறுக்கலாம். அதை ஏற்றால் தகுதி திரும்பும். வருத்தம் உண்மைதான், ஆனால் இப்போது பாதிக்கவில்லை என்றால், வழி விலக்குத்தான். அதைக் கல்லூரி பரிசீலிக்கும்.

விலக்கை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. தனக்கு வேண்டிய பிள்ளை என்று கல்லூரி எண்ணும்போதே அந்தக் கோப்பை அதன் மருத்துவப் பிரிவு விரித்துப் பார்க்கும். வருத்தம் எவ்வளவு கடுமையாக இருந்தது, கடைசியாக எப்போது வந்தது, இன்னும் மருந்து தேவையா, திரும்பி வரும் சாத்தியம் என்ன, தொலைவான இடத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பார்கள். பிள்ளையின் படிப்பும் விளையாட்டும் தலைமைப் பண்பும் இங்கேயும் மறைமுகமாக எடைபோடப்படுகின்றன. பரிசீலனைக்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். புதிய மாணவர்களுக்கான பயிற்சி ஜூன் கடைசியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பமாவதால், கேட்ட பத்திரத்தைத் தாமதிக்காமல் அனுப்புவது முக்கியம்.

எல்லாவற்றுக்கும் விலக்கு இருக்கிறது என்றும் நம்பிவிடக்கூடாது. 2025 ஜூலையில் பாதுகாப்புச் செயலாளர் வெளியிட்ட உத்தரவு, இதயச் செயலிழப்பு போன்ற சில நிலைமைகளுக்கு விலக்கே கிடையாது என்று பட்டியலிட்டது. இந்த விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. நண்பரின் மகன் மூன்று வருடத்துக்கு முன் எப்படிப் போனான் என்பதை வைத்து முடிவெடுக்காமல், விண்ணப்பிக்கும் வருடத்தின் விதியை வாசிக்க வேண்டும்.

மறைத்தால் என்ன

அமெரிக்க வரலாற்றில் அடுத்தடுத்து ஜனாதிபதிகளான இருவரின் கதை இதற்குப் பொருந்தும். ஹரி ட்ரூமன் இளைஞராக இருந்தபோது வெஸ்ட் பொயின்றுக்குப் போக விரும்பினார். கண் பார்வை மோசம் என்பதால் முடியவில்லை. 1905இல் மிசூரி மாநிலத் தேசியக் காவற்படையில் சேர, கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளை அவர் மனப்பாடம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அவருக்குப் பின் ஜனாதிபதியான ஐசன்ஹோவர், வெஸ்ட் பொயின்றில் படிக்கும்போது 1912இல் உதைபந்தாட்டத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். 1915இல் பட்டம் பெறும்போது அதிகாரி நியமனமே கிடைக்காமல் போகும் நிலை வந்தது. காயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருத்துவ அதிகாரிகள் யோசித்து, கடைசியில் நியமனம் கொடுத்தார்கள். 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

ட்ரூமனின் வழி இன்று அடைபட்டுவிட்டது. மருந்துக்கடைப் பதிவு, காப்புறுதிப் பதிவு, வைத்தியசாலைப் பதிவு எல்லாம் மின்னணுவில் இருக்கின்றன. சிப்பாய்களாகச் சேர்வோரைப் பரிசோதிக்கும் நிலையங்களில் 2022 முதல் பாவிக்கப்படும் கணினி முறைமை, வெளி வைத்தியசாலைகளின் பதிவுகளையும் தேடி எடுக்கக்கூடியது. தெரிந்துகொண்டு பொய் எழுதுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். இந்தக் கல்லூரிகளில் பொய் சொல்லாமை என்பது மாணவரின் அடிப்படை ஒழுக்க விதியாகவும் இருக்கிறது. மூன்றாம் வருடத்தில் உண்மை வெளிவந்தால், வருத்தத்துக்காகப் போக வேண்டியிராத பிள்ளை, பொய்க்காக வெளியே போகும்.

எங்கள் தலைமுறை மறைக்கப் பழகியதற்குக் காரணம் உண்டு. எழுதிக் கொடுத்த ஒவ்வொரு விபரமும் எங்களுக்கு எதிராகத் திரும்பலாம் என்று பயந்து வாழ்ந்தோம். சில வேளைகளில் மௌனம் உயிரைக் காத்தது. அந்தப் பழக்கத்தை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, அதே பழக்கம் அந்தப் பிள்ளையை மாட்டிவிடும்.

கோப்பைச் சேர்த்து வையுங்கள்

செய்யக்கூடியவை இவை. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, பிள்ளைநல வைத்தியரிடமிருந்து முழு மருத்துவப் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். ஹிப்பா சட்டப்படி அதைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு; பொதுவாக 30 நாட்களுக்குள் தர வேண்டும். 18 வயதானதும் அந்த உரிமை பிள்ளையினுடையது. வந்த பதிவை வரி வரியாக வாசியுங்கள். நடக்காத ஒன்று எழுதப்பட்டிருந்தால், திருத்தும்படி வைத்தியரிடம் எழுத்தில் கேட்கலாம். நடந்ததை அழிக்கும்படி கேட்கக்கூடாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை, சத்திரசிகிச்சைத் துண்டு இருந்தால் மொழிபெயர்த்து வையுங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்திருந்தால், தொலைந்தது என்று நேராக எழுதி, இப்போதைய வைத்தியரின் பரிசோதனை அறிக்கையை இணையுங்கள். மருந்துக்கடையில் கடந்த வருடங்களின் மருந்துப் பட்டியலைக் கேட்டு எடுக்கலாம். எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் ஒரே கோப்பில் வையுங்கள். கேட்ட கேள்விக்குக் கேட்ட பத்திரம் என்ற முறையில், பிள்ளையே அனுப்பட்டும். தொலைபேசியையும் மின்னஞ்சலையும் பிள்ளை கையாள்வதையே கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றால் போதும்.

விலக்கு மறுக்கப்பட்டாலும் வழிகள் முடிந்துவிடுவதில்லை. ஒரு கல்லூரி மறுத்தால் மற்றொன்றின் தீர்மானம் தனியானது. காலம் போனபின், அறிகுறி இல்லாத வருடங்கள் கூடியபின், ஆர்.ஓ.டி.சி.க்கோ பட்டம் முடித்த பிறகான அதிகாரிப் பயிற்சிக்கோ விண்ணப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால், இதே படிப்பும் ஒழுங்கும் உள்ள பிள்ளையை எடுக்க வேறு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்தக் கடிதம் வரும் நாளில் வீட்டில் யாரும் “நான் அப்பவே சொன்னன், எழுதாதை எண்டு” என்று சொல்லாதீர்கள். உண்மையை எழுதிக் கையொப்பம் வைத்த பிள்ளை அது. அன்றிரவு அதற்கு நல்ல சாப்பாடு கொடுத்து, அடுத்த படிவத்தை எடுத்து வையுங்கள்.